வாயத் தொறங்க, வித்தையைப் பாருங்க!

குழாய் மரையில் தண்ணீர் கசியாமல் சுற்றுவார்களே, அந்த வெள்ளை டெஃப்லான் டேப்! ஹார்டுவேர் கடைச் சாமான் பல் டாக்டர் தட்டில், ஸ்டெரிலைஸ் செய்த பொட்டலத்துக்குள் என்ன செய்கிறது? ஓசூரில் ஒரு பல் கிளினிக்கின் உள்ளறையில் கால் வைத்ததும் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். பக்கத்துப் பல்லில் பசை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதற்கு ஒரு சுற்று சுற்றிவிடுவார்களாம். முடித்ததும் உருவி எறிந்துவிடலாம். அடடா, இந்த அறைக்குள் இன்னும் என்னென்ன இருக்கிறதோ என்று எனக்குக் கை பரபரத்துவிட்டது.

நான் பார்க்கப் போனது காம்போசிட் பாண்டிங். முன்பல்லில் சின்னச் சில்லு பெயர்ந்திருக்கும், இரண்டு பல்லுக்கு நடுவே சந்து இருக்கும், ஒரு பல் மட்டும் குட்டையாகவோ கறையாகவோ இருக்கும். அங்கே பல்லின் நிறத்திலேயே பசையைப் பூசி, உருவம் கொடுத்து, நீல வெளிச்சத்தில் இறுக வைப்பார்கள். பெரும்பாலும் ஊசி வேண்டாம். பல்லை ராவுவது இல்லை, அல்லது மிகக் கொஞ்சம். ஒரே உட்காரலில் முடிந்துவிடும்!

நாற்காலியில் இருந்தவர் 23 வயதுப் பெண். சொந்த ஊர் மத்தூர் பக்கம், வேலை ஓசூரில் ஒரு செல்போன் உதிரிபாகக் கம்பெனியில். மேல் முன்பற்கள் இரண்டில் பழுப்புத் திட்டு, ஒன்றில் ஓரம் உடைந்திருந்தது. "கம்பெனியில மாஸ்க் போட்டே இருப்போம், அது நிம்மதி. கேன்டீன்ல தான் கையால மூடிக்குவேன்" என்றார்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக்காரர்களுக்கு அந்தப் பழுப்பை விளக்க வேண்டியதில்லை. பாறையிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து போர் தண்ணீரில் ஏறும் பூமி இது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை மிஞ்சிய தண்ணீரைக் குழந்தை குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைத்த பல்லின் எனாமல் கெட்டுப்போகிறது. முன்பல்லுக்கு அந்தக் காலம் கைக்குழந்தைப் பருவத்தில் தொடங்கி நாலைந்து வயதோடு முடிந்துவிடும். ஆக, இந்தப் பெண்ணின் பல்லில் தெரிவது பால்வாடி வயதில் அவர் குடித்த போர் தண்ணீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் வந்தது 2013-ல்தான். அதற்குள் அவருடைய முன்பற்கள் முளைத்தே முடிந்திருந்தன. எத்தனை தேய்த்தாலும் போகாத கறையைக் காட்டி, "பல்லு விளக்க மாட்டியா?" என்று கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறையை நாம் வாயடைக்க வைத்திருக்கிறோம். அழகுச் சிகிச்சை என்றால் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன்.

சரி, வேலை தொடங்கிவிட்டது! முதலில் நிறம் பார்க்க வேண்டும், அதுவும் பல் ஈரமாக இருக்கும்போதே. பல் காய்ந்தால் வெளுத்துக் காட்டும், அப்போது நிறம் எடுத்தால் மறுநாள் ஒட்டுப்போட்டது அப்பட்டமாகத் தெரியும். ஜன்னலோரம் திருப்பி, ஷேட் கார்டுப் பல் மாதிரிகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கிறார் டாக்டர். மொத்தம் 16 நிறம்! அதோடு விடவில்லை. பசையில் ஒரு பொட்டு எடுத்துப் பல்லிலேயே வைத்து, இறுக வைத்துப் பார்த்துவிட்டுப் பிய்த்தெடுத்தார். பசையின் நிறம் இறுகியதும் கொஞ்சம் மாறுமாம்.

அடுத்து நீல ஜெல். 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம். சாதாரணப் பல்லுக்கு 15 முதல் 30 நொடி போதும். ஃப்ளோரைடு ஏறிய எனாமல் அமிலத்துக்கு லேசில் மசியாது, அதனால் கூடுதல் நேரம் விட வேண்டும். கழுவி ஊதியதும் பார்க்க வேண்டுமே! பளபளத்த பல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மங்கிப்போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுந்திருக்கின்றன. பசை இறங்கிப் பிடித்துக்கொள்வது அந்தக் குழிகளில்தான்.

இந்த உபாயம் எங்கிருந்து வந்தது தெரியுமா? தொழிற்சாலையிலிருந்து! உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்கப் பாஸ்பாரிக் அமிலம் பயன்படுவதைக் கவனித்த மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவ ஆராய்ச்சியாளர், அதையே எனாமலில் செய்து பார்த்து 1955-ல் வெளியிட்டார். 1962-ல் ரஃபேல் போவன் இன்றைய பசைகளுக்கு மூலமான பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே துணைக்கு வந்திருந்த அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு பைக் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் யூனிட்டில் வேலை. "எங்க லைன்ல பாஸ்பேட்டிங் பண்ணாம பெயின்ட்டுக்கே போகாதுங்க, உரிஞ்சிடும்!" சிப்காட்டில் ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் நடக்கிற வேலையின் சொந்தக்காரன்தான் தங்கச்சி வாயில் நடப்பதும். எனக்குப் புல்லரித்துவிட்டது!

பாண்ட் திரவம் தடவியாயிற்று, ஊதியாயிற்று, நீல விளக்கு பட்டாயிற்று. இனிமேல் பசை. மிக நுண்ணிய கண்ணாடித் துகள் கலந்த பிசின் அது. தலைக்கு மேலிருந்த பெரிய விளக்கைத் திருப்பிவிட்டார்கள், அந்த வெளிச்சத்திலேயே பசை இறுகத் தொடங்கிவிடும். வெளிச்சத்தைப் பிடித்து இறுகலைத் தொடங்கி வைக்கும் பொருள் கேம்ஃபர்குவினோன். நம் கற்பூரத்திலிருந்து வருவது! ஆரஞ்சு நிறத் தடுப்புக்குப் பின்னால் நின்றபடி நான் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே ஒளி ஊடுருவாத பசை, பழுப்பை மறைக்க. மேலே ஒளி ஊடுருவும் பசை, எனாமலின் பளிங்குத்தன்மைக்கு. ஒவ்வொரு அடுக்கும் 2 மில்லிமீட்டருக்குள், ஒவ்வொன்றுக்கும் சுமார் 20 நொடி விளக்கு. தடிமனாக அப்பினால் வெளிச்சம் அடிவரை போகாது, உள்ளே வேகாமலே நின்றுவிடும். கடைசி அடுக்குக்கு மேலே கிளிசரின் தடவுகிறார்கள். காற்று பட்டால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்குமாம்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்குப் பிறகு வந்தது. டாக்டர் சாதாரணப் பென்சிலை எடுத்துப் பல்லின் மேல் கோடு போட்டார்! பல்லின் முகம் பக்கவாட்டில் திரும்பும் விளிம்பு எங்கே என்று அந்தக் கோடு காட்டும். கோட்டை உள்ளே தள்ளினால் பல் ஒடுங்கித் தெரியும், வெளியே தள்ளினால் அகன்று தெரியும். இரண்டு பல்லுக்கும் கோடு ஒத்துப்போகும்வரை அரை மணி நேரம் ராவல், நிற்றல், தள்ளிப்போய்ப் பார்த்தல். பிறகு சொரசொரப்பான டிஸ்க்கில் தொடங்கி மழமழப்பான டிஸ்க் வரை பாலிஷ். நல்ல பாண்டிங்குக்கும் அவசர பாண்டிங்குக்கும் வித்தியாசம் இந்த அரை மணி நேரம்தான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

"கடிச்சு அரைச்சுக் காட்டும்மா." நீலத் தாளைக் கடித்தார், இடித்த இடம் நீலமாகப் பதிந்தது, அதை லேசாக ராவினார்கள். "வண்டி, வெள்ளி, வாழைப்பழம் சொல்லு." பல் நீண்டுவிட்டால் வகரம் சொல்லும்போது கீழுதட்டில் இடறும். இடறவில்லை! பக்கத்து நாற்காலியில் உதவி டாக்டர் அதற்குள் ஒரு பாட்டியிடம் "பாயி தெகீரி" என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு, அவர் முழித்ததும் "நோரு தெரவண்டி" என்று தெலுங்குக்குத் தாவிக்கொண்டிருந்தார்.

எல்லாக் கறைக்கும் இது மருந்தில்லை என்பதையும் டாக்டரே சொல்கிறார். பழுப்பு ஆழமாக இருந்தால் முதலில் வெளுக்க வேண்டும், அல்லது மேலாகத் தேய்த்தெடுக்க வேண்டும். வெளுத்தால் சுமார் இரண்டு வாரம் பொறுத்துத்தான் பசை வைக்கலாம், இல்லாவிட்டால் ஒட்டு பலமாக நிற்காது. எனாமல் குழிகுழியாக அரித்துப்போயிருந்தால் செராமிக் உறைதான் சரி. தெத்துப்பல்லைச் சமப்படுத்தக் கேட்டு வருகிறவர்களிடம், "அது அழகா இருக்கே, விடுங்களேன்" என்று இவர் ஒருமுறையாவது சொல்லிப் பார்ப்பாராம். வாழ்க!

கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள். பெண் உதட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார், அண்ணனிடம் காட்டினார், செல்ஃபி எடுத்தார், மறுபடியும் எடுத்தார். அப்புறம் ஆரம்பித்தது கேள்விக் கணை.

"எத்தனை வருஷம் டாக்டர் வரும்?"

"நல்லா வச்சுக்கிட்டா அஞ்சாறு வருஷம், மேலயும் வரலாம். சில்லு போனா அந்த இடத்தை மட்டும் ஒட்டிக்கலாம். ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்து பாலிஷ் பண்ணிக்கோ."

"டீ?"

"ரெண்டு நாள் டீ, காபி, மஞ்சள் தூக்கலா இருக்கற குழம்பு வேண்டாம். நகம் கடிக்கறது, பேனா மூடி கடிக்கறது எப்பவுமே வேண்டாம்."

"களி?"

"தாராளமா. கரும்பை மட்டும் முன்பல்லால உரிக்காதே."

"மாம்பழம்?" கிருஷ்ணகிரிப் பெண் கேட்காமல் விடுவாரா!

"அறுத்துச் சாப்பிடு. கொட்டையைச் சப்பு, முன்பல்லால கடிச்சு இழுக்காதே."