கிரியேட்டினின் 1.4: ஃபைலுக்குள் தூங்கிய ரிப்போர்ட்

போன ஜூலையில் ரிட்டர்ன் ஃபைல் பண்ண ஒரு கிளையன்ட் வந்தார். அம்மாவுக்கு 68 வயசு, சுகர், இப்போ வாரம் மூணு டயாலிசிஸ். "இந்த பில்லுக்கெல்லாம் வரியில ஏதாவது கிடைக்குமா சார்?"

பில்களைப் புரட்டும்போது நடுவில் ஆறு வருஷத்துக்கு முந்தைய லேப் ரிப்போர்ட். கிரியேட்டினின் 1.4. "கொஞ்சம்தான் கூட இருக்குன்னு விட்டுட்டோம்" என்றார்.

கொஞ்சம் இல்லைங்க. நான் டாக்டர் இல்லை, ஆனா இது கணக்கு. வயசு, பாலினம், கிரியேட்டினின் மூணையும் ஃபார்முலாவில் போட்டால் வருவதுதான் இ-ஜிஎஃப்ஆர். 62 வயசுப் பெண்ணுக்கு 1.4 என்றால் அது சுமார் 42. மூணு மாசம் தொடர்ந்து 60-க்குக் கீழே இருந்தாலே நாள்பட்ட சிறுநீரக நோய். 15-க்குக் கீழே போனால் செயலிழப்பு. நடுவில் வலி இருக்காது, சிறுநீரும் வழக்கம்போலப் போகும். அதனாலதான் வீட்டில் யாருக்கும் தெரியறதில்லை. மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் அவங்களாவே வாங்கிப் போடுற வலி மாத்திரை வேற இதைக் கெடுக்கும்.

சரி, வரிக்கு வருவோம். பழைய வரி முறையில் 80டிடிபி பிரிவு இருக்கு. உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோரின் சிறுநீரகச் செயலிழப்பு சிகிச்சைக்கு 40,000 ரூபாய் வரை கழிவு; அவங்க 60 தாண்டினவங்கன்னா 1 லட்சம் வரை. நெஃப்ராலஜிஸ்ட் எழுதின சீட்டு கட்டாயம். இன்சூரன்ஸில் வந்த பணத்தை இதில் கழிச்சிடுவாங்க. புதிய முறையில் இது கிடையாது.

20 சதவீத ஸ்லாபில் இருந்த அவருக்கு முழு 1 லட்சமும் கிடைச்சு மிச்சமானது 20,800 ரூபாய். வருஷத்துக்கு 156 தடவை மாமியாரைக் கூட்டிட்டுப் போறதுக்காக அவர் மனைவி வேலையை விட்டிருந்தாங்க. அந்த ஒரு மாசச் சம்பளத்துக்குக்கூட இது வரலை. (இந்த மாதிரி வீடுகளில் பெரும்பாலும் மருமகள் வேலைதான் போகுது, கவனிச்சிருக்கீங்களா?)

தமிழ்நாட்டில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. சம்பளக்காரங்க பலருக்கு அது பொருந்தாது.

இந்த வாரம் அப்பா அம்மாவோட பழைய ரிப்போர்ட்டை எடுங்க. இ-ஜிஎஃப்ஆர் இல்லைன்னா லேபில் கேளுங்க. சுகர், பிரஷர் இருந்தால் யூரின் அல்புமினும் சேர்த்து வருஷம் ஒருமுறை. 60-க்குக் கீழே வந்தால் டாக்டரிடம் அந்தப் பேப்பரோடயே போங்க. பழைய முறையில் இந்தப் பரிசோதனைச் செலவுக்கும் 80டி-யில் 5,000 ரூபாய் வரை கழிவு இருக்கு. ரொக்கமா கட்டியிருந்தாலும் செல்லும், ரசீதை மட்டும் வச்சுக்கோங்க.