பொம்மையிடம் கற்கும் வைத்தியம்

கரு கருப்பையில் தங்காமல் குழாயிலேயே வளர்ந்துவிடுவது நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் நிகழ்வதுண்டு. குழாய் வெடித்தால் உதிரம் வயிற்றுக்குள்ளேயே பெருகும்; வெளியே அதிகம் தெரியாது. அடிவயிற்றில் வலி, தோளில் வலி, மயக்கம் ஆகியவையே அடையாளங்கள். இங்கிலாந்தில் 1883-ல் லாஸன் டெய்ட் என்னும் ரண வைத்தியர் இத்தகைய பெண்ணொருத்தியை அறுவைச் சிகிச்சையால் பிழைக்கவைத்தார். வெடித்த குழாய்க்கு இன்றும் அதுவே வழி.

சிகிச்சை தெரிந்திருந்தும் உயிர் போவானேன்? நோயை ஐயுறத் தாமதிப்பது ஒரு முக்கிய காரணம். அபூர்வமான இந்த ஆபத்தை நேரில் காணாமலே இளம் டாக்டர் பட்டம் பெற்றுவிடக்கூடும். இக்குறையைத் தீர்க்கவே பொம்மைப் பயிற்சி. 1759-ல் பிரான்ஸ் தேசத்து அரசனின் ஆணை பெற்ற மடாம் து கூத்ரே என்னும் மாது, துணிப் பொம்மையைக் கொண்டு ஊர் ஊராகச் சென்று பிரசவம் பார்க்கக் கற்பித்தாள். இன்றைய பொம்மைக்கோ நாடி துடிக்கிறது. ஆசிரியர் விரும்பியபோது ரத்த அழுத்தம் விழுகிறது. பிழை நேர்ந்தாலும் உயிருக்குச் சேதமில்லை. முடிவில் கூடிப் பேசித் திருந்துகிறார்கள்.

2019-ல் வந்த மருத்துவப் பாடத்திட்டம் இதற்கான திறன் கூடங்களைக் கல்லூரிகளில் வேண்டுகிறது. தர்மபுரியிலும் 2008-ல் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியது. ஆயினும், சித்தேரி மலைப் பெண்ணை முதலில் காண்பவர் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டராகவும் இருக்கலாம் அன்றோ? வயிற்றுவலி என்று வருபவளுக்குச் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சில நிமிஷங்கள் போதும். அந்த எண்ணம் அவருக்கு உடனே உதிக்கவேண்டுமாயின், பொம்மை மலையடிவாரம் வரையில் பிரயாணம் செய்தாகவேண்டும்.