உதைக்கு இடம் கொடுக்காதே

2005 ஆகஸ்ட் 28. ஜப்பானின் சைதாமா அரங்கில் பிரைடு என்ற கலப்புச் சண்டை அமைப்பின் ஹெவிவெயிட் பட்டத்துக்கான சண்டை. பட்டத்தை வைத்திருந்தவர் ரஷ்யாவின் ஃபியோதர் எமெலியனென்கோ. எதிரே குரோஷியாவின் மிர்கோ கிரோ காப்: முன்னாள் அதிரடிப் போலீஸ்காரர், கே-1 கிக்பாக்சிங்கில் பேர் வாங்கியவர். அவரது இடது கால் தலையில் விழுந்தால் ஆள் எழுந்திருப்பது அபூர்வம். அப்படி விழுந்தவர்களில் ஃபியோதரின் சொந்தத் தம்பி அலெக்சாண்டரும் ஒருவர்.

இப்படிப்பட்டவரைக் கண்டால் எட்ட நிற்கத்தான் யாருக்கும் தோன்றும். ஃபியோதர் முன்னால் நடந்தார்.

காரணம் உதையின் பொறியமைப்பில் இருக்கிறது. உதையின் விசை காலில் பிறப்பதில்லை. எடை முன்காலுக்கு மாறுகிறது, ஊன்றிய பாதம் திரும்புகிறது, இடுப்பு சுழல்கிறது. அந்தச் சுழற்சி கடைசியில்தான் பின்காலுக்கு வந்து சேர்கிறது. அதற்குக் கொஞ்சம் நேரமும் கால் வீச இடமும் வேண்டும். பின்வாங்குகிறவரின் எடையோ பின்காலில் இறங்கிவிடும். கிரோ காப்பின் ஆயுதமான இடது கால் அந்தப் பின்கால்தான். உடலைத் தாங்கிக்கொண்டிருக்கும் காலை எப்படித் தூக்குவது?

அடியே படாமல் ஃபியோதர் தப்பினார் என்று சொல்ல முடியாது. மூக்கில் ரத்தம், விலாவில் உதைபட்ட சிவப்பு. ஆனாலும் விடாமல் நெருங்கிக் கயிற்றுப் பக்கம் தள்ளி, கட்டிப்பிடித்துத் தரையில் சாய்த்தார். மூன்று சுற்று முடிவில் நடுவர்கள் அனைவரும் அவரையே வென்றவராக அறிவித்தனர். தூக்கிய காலைப் பிடித்துக் கவிழ்க்கலாம் என்பது கிக்பாக்சிங்கில் பெரும்பாலும் இல்லாத வசதி. கலப்புச் சண்டையில் உதைக்காரர் ஒவ்வொரு முறை கால் தூக்கும்போதும் இந்தப் பயத்தோடுதான் தூக்குகிறார்.

இப்படிப்பட்ட உதைக்காரரோடு மோதப்போகிறவருக்குப் பயிற்சிக்கூடத்தில் முதல் வேலை, எதிராளியைப் போலவே உதைக்கும் ஒருவரைத் தேடிப் பிடிப்பது. இடதுகால்காரர் என்றால் இடதுகால்காரரே வேண்டும். கால் பட்டைகள் கட்டிக்கொண்டு, அந்தக் காலுக்கு எதிர்ப்பக்கமாக நகர்வதை உடம்பு பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்வார்கள். சலிப்பான வேலைதான்.

அடுத்தது 'செக்'. தாழ வரும் உதைக்குத் தொடையைக் காட்டாமல், முழங்காலைத் தூக்கி அதன் கீழுள்ள தடித்த எலும்பைக் காட்டுவது. 2013 ஜூலையில் அப்போதைய கலப்புச் சண்டை சாம்பியன் ஆண்டர்சன் சில்வாவை வீழ்த்திப் பட்டம் வென்ற கிறிஸ் வைட்மன், அந்தச் சண்டையில் காலில் சில உதைகள் வாங்கியிருந்தார். மறுபோட்டிக்கு முன் பயிற்சியாளர் ரே லாங்கோவோடு இந்தத் தடுப்பைத் தீட்டினார். டிசம்பர் 28, லாஸ் வேகஸ், இரண்டாம் சுற்று: சில்வா உதைத்தார், வைட்மன் முழங்காலைத் தூக்கினார், சில்வாவின் கீழ்க்கால் எலும்புகள் முறிந்தன. 2021 ஏப்ரலில் யூரியா ஹால் இதே தடுப்பை வைட்மனுக்கே காட்ட, முறிந்தது வைட்மனின் கால். சண்டை தொடங்கி 17 நொடிகள்தான் ஆகியிருந்தன.

இப்போது பயிற்சியாளர்களுக்குப் பெரிய தலைவலி கெண்டைக்கால் உதை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாக, பாதத்தைத் தூக்கச் செய்யும் நரம்பு எலும்பை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. அங்கே நாலு உதை சரியாக விழுந்தால் பாதம் சொன்னபடி கேட்காது. 2021 ஜனவரியில் அபுதாபியில் கலப்புச் சண்டை வீரர் கானர் மெக்ரிகருக்கு நடந்தது இதுதான். குத்துச்சண்டை வீரரைப் போல முன்காலில் எடையைப் போட்டு நின்றார்; எதிராளி டஸ்டின் போரியே அந்தக் காலையே குறிவைத்தார். கால் தளர்ந்தவரை இரண்டாம் சுற்றில் குத்திச் சாய்ப்பது கஷ்டமாக இல்லை.

தாழ்வாகவும் வேகமாகவும் வருவதால் கெண்டைக்கால் உதையை உரிய நேரத்தில் செக் செய்வது கடினம். முன்காலை லேசாக ஊன்றி நின்றால் சட்டென இழுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படி நிற்பவரின் குத்தில் வலு குறைந்துவிடும்.