எழுபது பாகையில் உருகும் பற்றாசு

1874ஆம் ஆண்டில் நாவலப்பிட்டியை வந்தடைந்து, பின்னர் நானுஓயாவை நோக்கி மேலேறிய புகையிரதப் பாதையில், 44 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தை வெல்லும்பொருட்டு நாவலப்பிட்டியில் மேலதிக இயந்திரம் பூட்டப்படும் காட்சியைப் பால்யம் முதல் கண்டு வளர்ந்தவருக்கு, அப்புகையிரதத்தின் சிறு பிரதிமையொன்றை உலோகத்திலேயே சமைத்து மேசைமேல் ஓடவிடும் ஆசை பிறப்பது இயல்பே. ஓரடியை 4 மில்லிமீற்றராகச் சுருக்கும் பிரமாணத்தில், நமது ஐந்தரையடித் தண்டவாள அகலம் 22 மில்லிமீற்றராகும்.

இத்தகைய மாதிரிகளின் உறுப்புகள் பல, காரீயமும் வெள்ளீயமும் அந்திமனியும் கலந்த வெண்ணிற உலோகத்தில் வார்க்கப்பட்டவை. சாதாரணப் பற்றாசுக் கோலின் நுனியோ 350 பாகை வரை காய்வது. அதனைக் கொண்டு தொட்டால், நகத்தளவேயான புகைபோக்கி ஒரு கணத்தில் உருவிழந்து துளியாய்த் திரண்டுவிடும். ஆகவே, உறுப்பு உருகுமுன் தான் உருகும் பற்றாசு வேண்டும்.

பிஸ்மத் 271 பாகையிலும், காரீயம் 327 பாகையிலும், காட்மியம் 321 பாகையிலும், வெள்ளீயம் 232 பாகையிலும் உருகுபவை. இந்நான்கையும் தக்க விகிதத்திற் கலந்தாலோ, ஒன்றன் அணுக்கள் மற்றதன் ஒழுங்கான அடுக்கைக் குலைப்பதால், அக்கலவை வெறும் 70 பாகையிலேயே திரவமாகிவிடுகிறது. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய தேநீரின் உஷ்ணம்கூட அதனை உருக்கப் போதும்!

ஆயினும் இப்பற்றாசு பித்தளையில் நேரே ஒட்டாது. வெண்ணிற வார்ப்பைப் பித்தளைத் தகட்டோடு இணைக்க வேண்டுமாயின், முதலில் தகட்டின்மேல் சாதாரணப் பற்றாசை மெல்லியதாகப் பூசிக்கொள்ள வேண்டும். நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிய அதே வித்தைதான் இது. பொற்கொல்லர் வெங்காரம் இடும் இடத்தில், இங்கே நீர்த்த பொஸ்போரிக் அமிலம் உலோகத்தின்மேற் படிந்த ஒட்சைட்டைக் கரைக்கிறது. பொருத்தை முன்னதாகவே சுரண்டித் துலக்கி, அமிலத்தால் நனைத்து, வெப்பத்தைக் குறைத்து வைத்த கோலின் நுனியில் ஒரு சிறு பற்றாசுத் துணுக்கை ஏந்தித் தொட்டால், 'ஸ்ஸ்' என்ற ஒலியோடு நீர் பொங்க, வெள்ளிநிறத் துளி தன்னாலேயே இடுக்கினுள் ஓடி மறையும். பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி அது. முடிந்தபின் எஞ்சிய அமிலத்தை நன்கு கழுவிவிட வேண்டும்; இல்லையேல் அது நாளடைவில் உலோகத்தை அரிக்கும்.

என் முதல் வண்டியின் பக்கச் சுவரொன்று, பொருத்தி முடித்தபின் பார்த்தபோது, ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது; மனம் கேட்கவில்லை. கொதிநீர் நிறைந்த பாத்திரத்தில் அதனை இறக்கினேன். சில நொடிகளில் பொருத்துகள் நெகிழ்ந்து, உறுப்புகள் பழுதின்றி அடியில் வீழ்ந்தன; மறுநாள் முதலிலிருந்து தொடங்கினேன். காரீயமும் காட்மியமும் நஞ்சாதலால், அந்தப் பாத்திரம் அன்று முதல் சமையலறைக்குத் திரும்பவில்லை. வேலை செய்கையில் ஜன்னலும் திறந்தே இருக்கிறது.