பர்மியப் பூனையின் குணம்

தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர்களில் பூனை வளர்ப்போர் பெரும்பாலும் கேழ்வரகு மூட்டைகளை எலி கடியாதிருத்தற்பொருட்டே வளர்ப்பர். அது தன் வேலையைப் பார்க்கும். நாம் நம் வேலையைப் பார்ப்போம். பர்மியப் பூனையோ இவ்வுடன்படிக்கைக்கு இசைவதன்று.

1930-ஆம் ஆண்டில் இரங்கூனினின்று வந்து, ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் ஜோஸப் தாம்ஸன் என்னும் வைத்தியரிடம் வளர்ந்த 'வாங் மௌ' என்னும் கபில நிறப் பெட்டையே அமெரிக்கப் பர்மியக் குலத்தின் மூலத்தாய். அதனைச் சயாமியக் கடுவனோடு சேர்த்துப் பிறந்த குட்டிகளை ஆராய்ந்தபோது, தாயே பர்மா, சயாம் ஆகிய இரண்டின் கலப்பென்பது புலனாயிற்று. சயாமியப் பூனையின் வாயாடித்தனம், சற்றுத் தணிந்த குரலில், இதனிடத்தும் உண்டு.

இது வீட்டாரை அறைக்கு அறை பின்தொடரும். எழுதுவோரின் தாள்மீதே வந்தமரும். வளர்ந்த பின்னும் குட்டிபோல் விளையாடும். நாயின் குணம் என்று இதனைப் புகழ்வாருமுளர். அப்புகழ்ச்சியினுள்ளேயே இதன் துன்பமும் அடங்கியுள்ளது. காலையிற் கதவைப் பூட்டி மாலையில் திரும்புவோர் இல்லத்தில் இது வாடும், ஓயாது கத்தும், சிலவேளை தன் மயிரையே நக்கி உதிர்த்துவிடும். பளபளக்கும் மேனியழகு கண்டு வாங்குவோர் இதனை எண்ணுவதரிது. பகலில் வீட்டில் ஆளில்லையெனின் துணைக்கு மற்றொரு பூனையேனும் வேண்டும். அதுவும் இயலாதோர்க்கு, வாசலும் திண்ணையுமாய்த் திரியும் நம் நாட்டுப் பூனையே போதும், மூட்டைகளும் தப்பும்.