ஜோஷ் கிப்சன் என்ற கேட்சர் – சில குறிப்புகள்

2024 மே மாதக் கடைசியில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. அமெரிக்க பேஸ்பாலின் மொத்த வரலாற்றிலும் பேட்டிங் சராசரியில் முதலிடம் இனி டை காப் இல்லை, ஜோஷ் கிப்சன் என்று. காப் ஓய்வு பெற்றது 1928இல். கிப்சன் இறந்தது 1947இல். இறந்துபோன ஒருவர் 77 வருஷம் கழித்து இன்னொருவரை எப்படி முந்த முடியும்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு முதலில் இரண்டு விஷயம். கேட்சர் என்பவர் ஏறக்குறைய நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி. ஆனால் வேலை அதைவிடக் கொடுமை. ஒவ்வொரு பந்துக்கும் பேட்டருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார வேண்டும். முகமூடி, மார்புக்கவசம் எல்லாம் இருந்தாலும் மட்டையின் ஓரத்தில் உரசி வரும் பந்து விரலைப் பெயர்த்துவிடும். எந்தப் பந்து போடலாம் என்று பிட்சருக்கு விரலால் ஜாடை காட்டுவதும் இவர்தான். எதிரணிக்காரன் இரண்டாவது பேஸைத் திருட ஓடினால், உட்கார்ந்த நிலையிலிருந்து எழுந்து கிட்டத்தட்ட 39 மீட்டர் தூரம் குறி தவறாமல் எறிய வேண்டும். இத்தனையும் செய்கிறவர் சுமாராக பேட் பண்ணினாலே போதும் என்றுதான் பெரும்பாலும் எதிர்பார்ப்பு.

இரண்டாவது, சராசரி. நான் கிரிக்கெட் கணக்கில் யோசித்து முதலில் குழம்பிப்போனேன். இங்கே ரன்னை எண்ணுவதில்லை. தோராயமாகச் சொன்னால், ஆயிரம் தடவை அடிக்க நின்றதில் எத்தனை தடவை நல்ல அடி விழுந்தது என்பதுதான் கணக்கு. 300 தடவை என்றாலே, அதாவது 0.300 என்றாலே, ஆள் நட்சத்திரம். காப் 0.367. கிப்சன் 0.372.

கிப்சன் 1911இல் ஜார்ஜியா மாநிலத்தின் புவனா விஸ்டாவில் பிறந்தவர். அப்பாவுக்கு பிட்ஸ்பர்க்கில் எஃகு ஆலை வேலை கிடைக்க, குடும்பமும் அங்கே குடிபெயர்ந்தது. 1930இல், பதினெட்டு வயதில், ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியில் சேர்ந்தார். அன்றைக்கு கேட்சருக்குக் கையில் அடிபட, கூட்டத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பையனைக் கூப்பிட்டு இறக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. சினிமாத்தனமாக இருக்கிறதே என்று எனக்கும் தோன்றியது, ஆய்வாளர்களும் சந்தேகப்படுகிறார்கள். சந்தேகமே இல்லாத விஷயம் ஒன்று அதே வருஷம் நடந்தது. மனைவி ஹெலன் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றுவிட்டு இறந்துபோனார். பிள்ளைகளை அவளுடைய பெற்றோர் வளர்த்தார்கள். இவர் ஊர் ஊராக ஆடப் போனார்.

ஊர் ஊராக என்பதைச் சும்மா சொல்லவில்லை. மேஜர் லீக்கில் கறுப்பர்களுக்கு இடமில்லை. எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது. அப்படி ஒரு தடையே இல்லை என்று கமிஷனர் லாண்டிஸ் 1942இல் அறிக்கைகூட விட்டார். ஆனால் ஒருவரையும் சேர்க்கவில்லை. அதனால் கறுப்பர்கள் தனியாக நடத்தியவைதான் நீக்ரோ லீக்குகள் (அன்று வழங்கிய பெயர் அது). லீக் ஆட்டங்கள் ஒரு சீசனுக்கு ஐம்பது, அறுபது, மிஞ்சினால் எண்பது. அதில் பிழைப்பு ஓடாது. மீதி நாளெல்லாம் பஸ்ஸில் கிளம்பி, வழியில் வருகிற சின்ன ஊர்களில் உள்ளூர் அணிகளோடு ஆடி வசூல் பார்க்க வேண்டும்.

குழப்பம் முழுக்க இங்கிருந்துதான் வருகிறது. ஹால் ஆஃப் ஃபேமில் கிப்சனுக்கு வைத்த பலகையில் ஏறக்குறைய 800 ஹோம் ரன் என்று போட்டிருக்கிறது. அதிகாரபூர்வக் கணக்கிலோ 200கூட இல்லை. இரண்டுமே பொய் இல்லை. லீக் ஆட்டம் ஏட்டில் ஏறியது, ஊர் ஆட்டம் ஏறவில்லை, அவ்வளவுதான். லீக் ஆட்டங்களிலும் பல காணாமல் போய்விட்டன. கறுப்பர்கள் நடத்திய பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற பத்திரிகைகளில் வந்த ஸ்கோர் பெட்டிகளை ஆய்வாளர்கள் வருஷக்கணக்காகத் தேடித் தொகுத்தார்கள். 1920 முதல் 1948 வரையிலான ஆட்டங்களில் முக்கால்வாசி கிடைத்திருப்பதாக மேஜர் லீக்கே சொல்கிறது. அந்தக் கணக்கைச் சேர்த்த பிறகுதான் காப் இரண்டாமிடத்துக்குப் போனார்.

இதற்கு ஒரு எதிர்ப்பும் இருக்கிறது. காப் ஆடியது 3000 ஆட்டங்களுக்கு மேல், கிப்சன் சுமார் 600. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? நியாயமான கேள்விதான். ஆனால் ஆட்டம் குறைந்தது யாரால்? இவரா ஆட மாட்டேன் என்றார்? "எதிரணிகள் மட்டம்" என்ற வாதத்துக்கு எனக்குக் கிடைத்த பதில் ராய் கேம்பனெல்லா. நீக்ரோ லீக்கில் கிப்சனுக்கு அடுத்த வரிசையில் வைத்துப் பேசப்பட்ட கேட்சர், பத்து வயது இளையவர். கதவு திறந்ததும் 1948இல் புரூக்ளின் டாட்ஜர்ஸில் சேர்ந்து, 1951, 1953, 1955 என மூன்று முறை லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அடுத்த வரிசைக்காரரே அப்படி என்றால் முதல் வரிசைக்காரர் எப்படி இருந்திருப்பார்?

1940களில் கிரேஸ் அணி வாஷிங்டனின் கிரிஃபித் மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஆடியது. அதே மைதானத்தில் ஆடிய வெள்ளையர் அணியான செனட்டர்ஸ் தோல்விக்குப் பேர்போனது. அதன் முதலாளி ஒருநாள் கிப்சனையும் தன்னையும் அறைக்குக் கூப்பிட்டு, மேஜர் லீக்கில் ஆட விருப்பமா என்று கேட்டதாக பக் லெனர்ட் பின்னாளில் சொன்னார். இருவரும் சரி என்றார்கள். அதற்கப்புறம் பேச்சே இல்லை. வாடகை மட்டும் வந்துகொண்டிருந்தது.

1943 ஜனவரியில் கிப்சன் நினைவிழந்து விழுந்தார். மூளையில் கட்டி என்றார்களாம். அறுவை சிகிச்சைக்கு அவர் சம்மதிக்கவில்லை என்று எழுதுகிறார்கள். அதே ஆண்டு அவர் அடித்த சராசரி 0.466. ஒரு சீசனுக்கான உச்சமாக இப்போது பதிவாகியிருப்பது அதுதான். தலைவலியும் குடியும் தேய்ந்த முழங்காலுமாக அந்த உடம்பு இன்னும் மூன்று சீசன் ஓடியது.

1947 ஜனவரி 20இல் இறந்தார், வயது 35. அதிலிருந்து 85ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் புரூக்ளினுக்காகக் களமிறங்கினார்.

1972இல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அப்போதும் பிட்ஸ்பர்க்கில் அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது, 1975இல்தான் வைத்தார்கள். கேம்பனெல்லா மூன்று முறை வாங்கிய அந்த விருதுப் பலகையில் பல பத்தாண்டுகளாகப் பொறித்திருந்தது கமிஷனர் லாண்டிஸின் பெயர். 2020இல் பத்திரிகையாளர் சங்கம் வாக்கெடுத்து அதை நீக்கியது. அந்த இடத்தில் ஜோஷ் கிப்சன் பெயரைப் போடுங்கள் என்று அவர் குடும்பத்தார் கேட்டார்கள்.