டர்போ வந்தால் சீற்றம் போய்விடுமா?

செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ கார்கள் தயாராகின்றன. 2021-இல் அங்கிருந்து வந்த எம்340ஐ காரில் டர்போ பூட்டிய 3 லிட்டர் எஞ்சின். இதே நிறுவனத்தின் எம்3 கார் 2014-இல் வி8 எஞ்சினைக் கைவிட்டு டர்போவுக்கு மாறியபோது ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். பழையது நிமிடத்துக்கு 8,400 சுற்றுவரை சீறும், மிதித்தவுடன் பாயும். அந்தச் சுகம் போய்விடுமே என்ற கவலை. அதை வீண் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது.

டர்போ என்பது ஒரே தண்டில் இரண்டு விசிறிகள். எஞ்சின் கக்கும் சூடான வாயு ஒன்றைச் சுழற்ற, மற்றது வெளிக்காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும். ஆனால் விசிறி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்ட வேண்டும். மாமல்லபுரம் பக்கம் ஈசிஆரில் பஸ்ஸை முந்த மிதிக்கிறீர்கள்; வாயு வேகமெடுக்கும்வரை கார் ஒரு கணம் தயங்கும்.

எம்340ஐ-யில் இந்தத் தயக்கத்துக்கு ஒரு வழி: மும்மூன்று சிலிண்டர்களின் வாயு தனித்தனிப் பாதையில் போகிறது. வாயுத்துடிப்புகள் ஒன்றையொன்று கெடுப்பதில்லை. 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 2,000 சுற்றுக்கு முன்பே கிடைத்துவிடுகிறது.

அமுக்கிய காற்று சூடாகும்; அதை இன்டர்கூலர் ஆற்றுகிறது. செங்கல்பட்டு மே மாத வெயிலில் அதற்குச் சிரமம்தான்.

ஓசைதான் தீராத குறை. வாயுத்துடிப்பின் வீச்சை விசிறி விழுங்கிவிடுகிறது. சில கார்களில் ஸ்பீக்கர் வழியே எஞ்சின் சத்தம் போட்டுக்காட்டுகிறார்கள். ரசிகர்களுக்கு அதில்தான் கோபம் அதிகம்.